மருந்து கண்ட மாமேதை டாக்டர் சுப்பாராவ்

நாட்டை ஆண்டவர்க்கும் படை நடத்தியவர்க்கும் சிலை எடுப்பது உலக வழக்கம். நோயுற்றோர்க்கு மருந்து தந்து உயிர் காத்தவர் பெயரையோ, அம்மருந்தை உட்கொள்வோரே அறிவதில்லை. உல்லாஸ்நகரிலும் கல்யாணிலும் தாராவியிலும் காசநோயாளர் ஒவ்வொரு நாளும் காலையில் விழுங்கும் மாத்திரையில் நான்கு மருந்துகள் அடங்கியுள்ளன. அவற்றுள் இரண்டின் வரலாறு அமெரிக்க நாட்டிலுள்ள ஒரே ஆராய்ச்சிக்கூடத்தோடு பிணைந்தது. அக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கியவர் சென்னையில் மருத்துவம் பயின்று, பிழைப்பும் கல்வியும் நாடிக் கடல் கடந்து சென்றவர். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் அவர் வாழ்வை அறிதல் பொருத்தமும் பயனும் உடையது.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. குடும்பமோ வறுமையும் நோயும் சூழ்ந்த குடும்பம். இளமையில் அவருக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார். இடைவழியிலேயே பிடிபட்டுத் திரும்பினார். அன்னை வெங்கம்மா மனவுறுதி மிக்கவர். நகைகளை விற்றேனும் மகனைப் படிக்க வைப்பதென்று துணிந்தார். இரு முறை தவறிய பின், மூன்றாம் முறையில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும், அதனையடுத்துச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். மருத்துவப் படிப்புக்கு நண்பர்களும், பிற்பாடு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி புரிந்தனர்.

அக்காலம் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதர் அங்கி அணிந்து அறுவை மருத்துவக் கூடத்துக்குச் சென்றார். வெள்ளையரான அறுவை மருத்துவப் பேராசிரியர் இதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியிலும் இடமில்லை. ஆகவே சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராய் அமர்ந்தார். முன்னோர் கண்ட மருந்துகளின் ஆற்றலை இக்கால அறிவியல் முறையால் ஆராய்ந்து நிறுவ வேண்டும் என்னும் வேட்கை அங்கேதான் அவருள் வேரூன்றியது.

இந்த வேட்கைக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருந்தது. ஸ்ப்ரூ என்னும் வெப்பநாட்டு வயிற்றுநோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் மிகுந்து ஆளை உருக்கும் நோய் அது. மருத்துவம் கற்றவன் தன் வீட்டார் மடிவதைக் கைகட்டி நின்று பார்க்க நேர்ந்தது.

மாமனார் திரட்டிய பொருளும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை அளிப்பதாகச் சொன்ன உதவியும் துணைநிற்க, 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சேர்ந்தார். இளம் மனைவி சேஷகிரியைத் தாயகத்தில் விட்டுச் சென்றார். அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு, தந்தை முகம் காணாமலே மறைந்தது. பாஸ்டனில் கைப்பொருள் போதவில்லை. பகலில் வெப்பநாட்டு மருத்துவம் கற்ற டாக்டர், இரவில் மருத்துவமனை ஊழியராய் நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவினார். மும்பையில் வந்திறங்கிய நாளில் எத்தொழிலும் தாழ்வில்லை என்று ஏற்ற நம் முன்னோர்க்கு இது புதிய கதையன்று.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கே என்பாரோடு சேர்ந்து உயிர்வேதியியல் ஆய்வில் ஈடுபட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்னும் பெயரில் உலகெங்கும் மாணவர் பயின்ற முறை அது. தசை சுருங்கி விரியப் பயன்படும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927-இல் கண்டனர். உயிரணுக்களின் ஆற்றலுக்கு நாணயம் போல் விளங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இல் பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனித்து நின்று அதனைக் கண்டார். 1930-இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சென்று, சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அக்கூடம் ஈன்ற மருந்துகள் வியப்புக்குரியன. கல்லீரலிலிருந்து பெறப்பட்டு வந்த ஃபோலிக் அமிலத்தை 1945-இல் அவருடைய குழுவினர் செயற்கையாய் ஆக்கினர். யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான் மருந்து 1947-இல் வெளிவந்தது. இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்குப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அளித்த அமினோப்டெரினும் இக்கூடத்தார் ஆக்கியதே. ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கர் இக்கூடத்திற்கு வந்து, மிசௌரி மாநிலத்து மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் பொன்னிற மருந்தை 1945-இல் கண்டார். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இங்கு ஒன்றை நினைத்தல் வேண்டும். சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர் தரும் மருந்துகள் இரண்டு: ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். இரண்டும் அவர் கூடத்து வழி வந்தவையே. ஒரு மருந்து குறையை நிரப்ப, மற்றொன்று குடலில் வேரூன்றிய கிருமிகளை ஒடுக்குகிறது. ஒன்றினால் ஆகாததை இரண்டு கூடிச் செய்யும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனிக் காசநோய்க்கு வருவோம். நம் நாட்டில் எலும்புருக்கி என்று பெயர் பெற்ற அந்நோயைப் பற்றி, 1946-இல் போர் குழுவினர் அரசுக்கு அளித்த அறிக்கை மதிப்பீடு ஒன்றைத் தந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அதனால் மாண்டனர். நோயைப் பிறர்க்குப் பரப்பும் நிலையில் இருந்தோர் 25 லட்சம் பேர். அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ ஆறாயிரம் அளவே. தாம்பரம் சானடோரியத்திலும் மதனப்பள்ளி ஆரோக்கியவரத்திலும் நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் தந்தனர். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை.

1943-இல் வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. ஃபெல்ட்மன், ஹின்ஷா என்னும் இருவர் கினிப்பன்றிகளுக்குக் காசநோயை ஏற்றி, இம்மருந்தால் அவை பிழைப்பதைக் கண்டனர். மக்களுக்கு அளித்தபோது, சாவின் வாயிலிலிருந்தோர் எழுந்து நடந்தனர். உவகை நீடிக்கவில்லை. சில மாதங்களில் பலருக்கு நோய் மீண்டது. மீண்ட கிருமிகள் அம்மருந்துக்கு அசையாதவையாய் இருந்தன. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 1948-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அதன்பின் ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்னும் மருந்தையும் சேர்த்துத் தந்தபோது, கிருமிகள் அவ்வாறு பழக்கப்படுதல் பெரிதும் குறைந்தது.

இதன் காரணம் எளிய கணக்கு. காசநோய்க் கிருமிகளுள் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று, ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு இயல்பாகவே அடங்காததாய்ப் பிறக்கிறது. நோய் முற்றிய நுரையீரலின் பொந்து ஒன்றிலோ பத்துக் கோடிக் கிருமிகள் வாழக்கூடும். அவற்றுள் நூறு கிருமிகளேனும் அம்மருந்தை மீறி நிற்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்நூற்றுக்கு இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறது. அவை பெருகி நுரையீரலை நிரப்புகின்றன. இரு மருந்துகளைச் சேர்த்துத் தந்தால், இரண்டையும் ஒருங்கே மீறும் கிருமி லட்சம் கோடியில் ஒன்றே. அத்தனை கிருமிகள் ஓர் உடலில் இரா.

ஆகவே பல மருந்துகள் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடிய வழியில்தான் சுப்பாராவின் குழுவினர் வருகின்றனர். 1945-இல் பாரிசில் சோரீன் என்னும் அறிஞர், வைட்டமின் வகையைச் சேர்ந்த நிக்கோட்டினமைடு காசநோய்க்கு எதிராகச் சிறிது வேலை செய்வதைக் கண்டிருந்தார். லெடர்லி கூடத்தில் மெக்கன்சி, மலோன், குஷ்னர், ஓல்சன் ஆகியோரும் சுப்பாராவும் இதனை வெள்ளைச் சுண்டெலிகளில் சோதித்தனர். நோய் ஏற்றப்பட்ட எலிகளுள் ஒரு சாராருக்கு மருந்து. மற்றொரு சாராருக்கு இல்லை. எவை எத்தனை நாள் உயிரோடிருக்கின்றன என்று நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதே அச்சோதனை. நிக்கோட்டினமைடு எலிகளைக் காக்கும் ஆற்றலுடையது என்னும் அவர்களுடைய கட்டுரை 1948-இல் வெளிவந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சுப்பாராவ் உறக்கத்தில் இதயம் நின்று காலமானார். வயது ஐம்பத்து மூன்று. தாயகம் திரும்பவும் இல்லை. மனைவியை மீண்டும் காணவும் இல்லை. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் 1946 வரை இடந்தரவில்லை. அதுவரை அந்நாட்டில் அவர் அயலாராகவே உழைத்தார். தம் பெயரை முன்னே நிறுத்துவதில் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை. கூடத்தின் கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் உடனுழைத்தோரை முன்னிறுத்தித் தாம் பின்னே ஒதுங்கினார்.

அவர் விட்டுச் சென்ற நூலைப் பிடித்துக் கூடத்தார் மேலே சென்றனர். நிக்கோட்டினமைடின் உருவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல பொருள்களை ஆக்கி, ஒவ்வொன்றையும் சுண்டெலியில் சோதித்தனர். 1952-இல் குஷ்னரும் அவர் தோழரும் பைரசினமைடின் ஆற்றலைக் கண்டனர். இப்பொருள் 1936-இலேயே ஜெர்மனியில் ஆக்கப்பட்டிருந்தும், காசநோயில் யாரும் அதனைச் சோதித்ததில்லை. சோதனைக் குழாயில் இட்டால் அது கிருமியைக் கொல்லாது. சுற்றிலும் புளிப்புத் தன்மை இருந்தால் மட்டுமே கொல்லும். புண்பட்ட உறுப்பின் உட்பகுதியில் அத்தன்மை உண்டு. ஆய்வாளர் வழக்கமாக வைக்கும் குழாயில் இல்லை. எலியில் சோதித்திராவிட்டால், இம்மருந்து பயனற்றதென்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மெக்டெர்மட், மெக்கியூன், டாம்ப்செட் ஆகிய மூவர் இதனினும் அரிய சோதனை செய்து 1956-இல் வெளியிட்டனர். ஐசோநியாசிடும் பைரசினமைடும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் ஊட்டிய எலிகளின் மண்ணீரலிலும் நுரையீரலிலும் ஒரு கிருமியையும் வளர்த்தெடுக்க இயலவில்லை. வேறு எந்தச் சேர்க்கையும் அந்நாளில் அவ்வளவு செய்யவில்லை. ஆயினும் அவ்வறிஞர் அத்தோடு மகிழ்ந்து நின்றுவிடவில்லை. மருந்தை நிறுத்தி, எஞ்சிய எலிகளை மூன்று மாதம் விட்டுவைத்துப் பின்னர்ப் பார்த்தனர். அவற்றுள் ஒரு பகுதியில் கிருமிகள் மீண்டும் தோன்றியிருந்தன. கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிய கிருமி உறங்கிக்கிடந்து, காலம் பார்த்து எழும் என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டது. நலமடைந்ததாகத் தோன்றிய பின்னும் மருந்தைத் தொடர வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் அடிப்படை இதுவே.

அதே 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் வீட்டிலேயும் இருந்து ஓராண்டு ஐசோநியாசிடும் பாஸும் உட்கொண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்தை வியக்கவைத்தது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர்; அவர் வீட்டாருக்கு அதனால் மிகுதியாக நோய் தொற்றவும் இல்லை. சானடோரியக் காலம் அன்றோடு முடியத் தொடங்கிற்று. பின்னர் ரிபாம்பிசின் வந்தது. 1961-இல் லெடர்லி கூடத்தார் எதாம்பியூட்டாலைக் கண்டனர். எலிகளில் கண்டறிந்த சேர்க்கைகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் 1970-களில் மக்களிடம் சோதித்து, பதினெட்டு மாத மருத்துவத்தை ஆறு மாதமாகச் சுருக்கினர். இன்று நம் நாட்டில் முதலிரு மாதம் ஐசோநியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என்னும் நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கிய மூன்றும் அளிக்கப்படுகின்றன.

நம் உல்லாஸ்நகர் பிறந்த காலமும் இவ்வரலாற்றோடு ஒட்டியதே. போர்க்காலப் படைமுகாமாயிருந்த இவ்விடத்தில், நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த சிந்தி மக்கள் குடியேறினர். 1949-இல் நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அந்நாள் கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி. சுப்பாராவ் மறைந்து ஓராண்டு கடந்த வேளை அது. முகாம் கட்டடத்தில் இருமிக்கொண்டிருந்த ஏழைக்கு அன்று ஸ்ட்ரெப்டோமைசின் எட்டாக்கனி. புனேக்கு அருகே பிம்பிரியில் அரசாங்கத்தின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் 1954-இல்தான் எழுந்தது. இன்றோ அரசு நிலையங்களில் ஆறு மாத மருந்தும் இலவசம். ஊட்ட உணவுக்கென மாதந்தோறும் வழங்கப்பட்ட ஐந்நூறு ரூபாய், 2024 நவம்பர் முதல் ஆயிரமாக உயர்த்தப்பட்டுள்ளது.

ஆயினும் நோய் ஒழியவில்லை. 2012-இல் மும்பை மருத்துவர் சிலர், சோதித்த மருந்துகள் எவற்றுக்கும் அடங்காத காசநோய்க் கிருமியைத் தம் நோயாளிகளிடம் கண்டதாக அறிவித்தனர். மருந்து தவறாகக் கொடுக்கப்படுவதும் இடையில் நிறுத்தப்படுவதும் இத்தகைய கிருமிகளை வளர்க்கின்றன. அவற்றுக்கும் இன்று புதிய கூட்டு மருந்துகள் வந்துள்ளன. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கின் சேர்க்கைக்கு 2024-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய சேர்க்கைகளையும் முதலில் சுண்டெலியில் சோதித்த பின்னரே மக்களிடம் கொண்டு வந்தனர். சுப்பாராவின் கூடத்தில் எலிகளை எண்ணிய முறை, பெயர் மாறியும் இன்றும் நடைபெறுகிறது.

நம்மவர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தோர்க்குத் திருவிழாவும் திருமணமும் அறுவடையும் வந்தால் ஊர்ப்பயணம் தவிர்க்க இயலாதது. இரண்டு மாத மருந்தில் இருமல் நின்று உடல் தேறியதும், ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மாத்திரை மறக்கப்படுகிறது. அவ்வாறு விட்டவன் உடலில் நிகழ்வது, கார்னெல் கல்லூரி எலிகளிடம் நிகழ்ந்ததே. உறங்கிய கிருமி எழுகிறது. முன்னிலும் வலிதாய் எழுந்து, வீட்டுக் குழந்தைக்கும் தொற்றுகிறது. புறப்படுமுன் மருந்து நிலையத்தில் சொன்னால், நெல்லையிலோ சேலத்திலோ உள்ள அரசு நிலையத்துக்குப் பதிவை மாற்றித் தருவர். அங்கே மருந்து தொடரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பதும், நோய் கண்டவரை ஒதுக்காமல் மருந்து முடியும் வரை உடனிருந்து ஊக்குவதும் சங்கத்தார் ஒவ்வொருவரும் செய்யத்தக்க தொண்டு.

சுப்பாராவ் பெயரால் ஒரு காளான் இனத்துக்கு அறிவியலார் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். அவர் பிறந்த நூற்றாண்டில், 1995-இல், இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அவருக்கு நாம் செலுத்தும் கடன் இவற்றினும் எளியது. அவர் குழுவினர் தொடங்கிவைத்த தேடலின் பயனாய் நம் கைக்கு வந்த மருந்தை, இடையில் நிறுத்தாமல் கடைசி மாத்திரை வரை உட்கொள்ளச் செய்வோமாக. டாக்டர் சுப்பாராவின் புகழ் ஓங்குக!